பழைய மோட்டார் வண்டியின் கைமாற்று வரலாறும் மெய்ம்மையும்

தோற்றுவாய்

ஒரு பொருள் பழையது என்பதனால் மட்டும் அது மதிப்புப் பெற்றுவிடுவதில்லை. அஃது எங்கே பிறந்தது, எவரெவர் கையில் இருந்தது, இடையில் எவ்வகை மாற்றங்களை அடைந்தது என்பனவற்றைச் சான்று காட்டி நிறுவும்போதே அதன் மதிப்பு உறுதிப்படுகின்றது. காணியின் திறத்தில் இவ்வுண்மையை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உறுதி இல்லாத காணியை எவரும் விரும்பி வாங்கார். உறுதி இருப்பினும், நொத்தாரிசு முந்தைய உறுதிகளைத் தேடிப் பார்ப்பர். உரிமை முதுசமாக வந்ததோ, சீதனமாக வந்ததோ, விலையாக வந்ததோ என்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, இடையில் அறுபட்ட கண்ணி யாதும் இல்லையெனக் கண்ட பின்னரே அவர் எழுத இசைவர்.

நூலின் திறத்திலும் முறை இதுவே. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது, கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கி, மூலபாடம் எது, பாடபேதம் எது என ஆராய வேண்டியிருந்தது. காணிக்கும் ஏட்டுக்கும் உரிய இவ்வாராய்ச்சி மோட்டார் வண்டிக்கும் உண்டு என்பது நம்மவருட் பலர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். மேல்நாடுகளில் அஃது இன்று தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளது. அத்துறையின் முறைகளை இத்தாலிய வண்டியொன்றன் வரலாற்றைக் கொண்டு விளக்கி, அம்முறைகள் நம் ஊரிற் கிடக்கும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளுக்கு எவ்வாறு பொருந்தும் என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சியின் தேவை

மெய்ம்மையை ஏன் இத்துணை நுணுகி ஆராய்தல் வேண்டும்? பொய் செய்வார்க்குப் பெரும் பயன் உண்டு என்பதே முதல் விடை. இத்தாலியின் பெராரி நிறுவனம் ‘250 ஜி.ரி.ஓ.’ என்னும் பந்தய வண்டியை 1962 முதல் 1964 வரை 36 என்னும் சிறு தொகையிலேயே செய்தது. அவற்றுள் ஒன்று 2018இல் கலிபோர்னியாவில் நடைபெற்ற ஏலத்தில் 4 கோடியே 84 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று. அதே காலத்தில் அந்நிறுவனம் ‘250 ஜி.ரி.ஈ.’ என்னும் நால்வர் அமரும் குடும்ப வண்டிகளை நூற்றுக்கணக்கிற் செய்தது. இரண்டிலும் பன்னிரண்டு உருளைகளைக் கொண்ட மூன்று லீற்றர் இயந்திரமே பொருத்தப்பட்டது. எனவே, விலைகுறைந்த குடும்ப வண்டியைப் பிரித்து, அதன் அடிச்சட்டத்தின்மேல் விலைமிகுந்த வண்டியின் உடலை ஏற்றிப் படி செய்தோர் பலர். படியைப் படி என்று சொல்லி விற்பதிற் குற்றமில்லை. மூலம் என்று சொல்லி விற்பதே குற்றம். கண்ணாற் பார்த்தறிய இயலாத அவ்வேறுபாட்டைச் சான்றுகளே காட்டித் தருகின்றன.

சான்றுகளின் வகை

வண்டியின் மெய்ம்மையை நிறுவும் சான்றுகளை நான்காக வகுக்கலாம். அவை வண்டியின் உடலிற் பொறிக்கப்பட்டவை, தொழிற்சாலையின் ஏடுகள், அரசாங்கப் பதிவுகள், புறச்சான்றுகள் என்பன.

முதலாவது வகையில் சாசி எனப்படும் அடிச்சட்டத்தின் எண்ணும் இயந்திரத்தின் எண்ணும் தலையாயவை. இவை இரும்பில் அடித்துப் பொறிக்கப்படுபவை. மறுபடியும் பொறித்த எண்ணாயின், எழுத்தின் வடிவிலும் ஆழத்திலும் வேறுபாடு தோன்றும். சுற்றியுள்ள உலோகத்தைத் தேய்த்த அடையாளமும் இருக்கும். இரண்டாவது வகை, வண்டி வெளிவந்த நாளையும் அதன் நிறம், தோல், இயந்திர எண் ஆகியவற்றையும் குறித்துவைத்த தொழிற்சாலை ஏடுகள். மூன்றாவது வகை, சொந்தக்காரரின் பெயர்களை வரிசையாகக் காட்டும் பதிவுப் புத்தகமும் வரிப் பற்றுச்சீட்டுகளும். நான்காவது வகையில் பழைய நிழற்படங்கள், திருத்தகக் கணக்குகள், கடிதங்கள், கண்டவர் வாய்மொழி என்பன அடங்கும்.

இவற்றுள் ஒன்று மட்டும் போதாது. எண்ணை மாற்றலாம், ஏட்டிற் பிழை புகலாம், நிழற்படம் வேறொரு வண்டியுடையதாக இருக்கலாம், முதியவர் நினைவு தவறலாம். ஒன்றையொன்று அறியாத சான்றுகள் பல ஒரே முடிவைக் காட்டுமாயின், அம்முடிவைத் துணிந்து கொள்ளலாம். ஏட்டுச் சுவடி ஆராய்வோரும் இதனையே கூறுவர்.

மியூறா வண்டியின் வரலாறு

இம்முறை செயற்பட்ட வகையை லம்போர்கினி நிறுவனத்தின் மியூறா வண்டியொன்று நன்கு விளக்குகின்றது. உழவு இயந்திரங்கள் செய்து பொருளீட்டிய பெருச்சியோ லம்போர்கினி என்பார் 1963இல் இத்தாலியின் சாந்த ஆகாத்தா என்னும் சிற்றூரில் மோட்டார் வண்டித் தொழிற்சாலையை நிறுவினார். மியூறா 1966இல் ஜெனீவாக் கண்காட்சியில் முழு வடிவில் வெளிவந்தது. பன்னிரண்டு உருளை இயந்திரத்தை இருக்கைகளின் பின்னே குறுக்காகப் பொருத்தியமையும், பெர்த்தோனே நிறுவனத்தார் வகுத்த தாழ்ந்த உடலமைப்பும் அதற்குப் பெரும் புகழை ஈட்டித் தந்தன. 1973 வரையில் ஏறத்தாழ 760 வண்டிகள் செய்யப்பட்டன.

1969இல் வெளிவந்த ‘இத்தாலியன் ஜொப்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் தொடக்கக் காட்சியில், செம்மஞ்சள் நிற மியூறா ஒன்று அல்ப்ஸ் மலைப்பாதையில் விரைந்து ஓடிச் சுரங்கவழியொன்றினுட் புகுந்து நொறுங்குகின்றது. உண்மையில் அங்கு இரண்டு வண்டிகள் பயன்பட்டன. முன்னரே விபத்தில் சிதைந்த வண்டியொன்று நொறுங்குவதற்கும், பழுதற்ற வண்டியொன்று ஓடுவதற்கும் உதவின. படப்பிடிப்பின் பின்னர் அப்பழுதற்ற வண்டி வழமைபோல் விற்பனைக்குச் சென்றுவிட்டது. அது யாது என்னும் வினா ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் விடையின்றிக் கிடந்தது.

இதற்கிடையில் நிறுவனமும் கைமாறிற்று. நிறுவியவர் தம் பங்கை விற்று நீங்கினார். 1987இல் அமெரிக்கக் கிறைசிலர் நிறுவனமும், 1998இல் செருமானிய ஔடி நிறுவனமும் அதனை வாங்கின. பழைய வண்டிகளின் ஏடுகளைக் காத்து மெய்ம்மைச் சான்று வழங்குதற்கென 2015இல் ‘போலோ ஸ்தோரிக்கோ’ என்னும் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. இப்பிரிவினர் 2019இல், அடிச்சட்ட எண் 3586 உடைய வண்டியே திரைப்படத்தில் ஓடிய வண்டி எனச் சான்றளித்தனர்.

அம்முடிவுக்கு அவர்கள் வந்த வழி அறியத்தக்கது. அக்காலத்தில் நிறுவனத்திற் சோதனை ஓட்டுநராக இருந்த என்சோ மொறுற்சி என்பாரே வண்டியைப் படப்பிடிப்புக்குக் கொண்டுசென்று ஓட்டியவர். நொறுங்கிய வண்டியோடு நிறத்தில் ஒத்த வண்டியொன்று அப்போது தொழிற்சாலையில் ஆயத்தமாக இருந்தது என்றும், அதன் உட்புறம் வெண்ணிறத் தோலால் அமைந்தது என்றும் அவர் கூறினார். விற்பனைக்குரிய வண்டியாதலின் வெள்ளைத் தோல் அழுக்குறாதவாறு இருக்கைகளைக் கழற்றிக் கறுப்பு இருக்கைகளை இட்டனர். தலையணைகளை மாற்ற மட்டும் நேரமிருக்கவில்லை. திரைப்படத்தை உற்றுநோக்குவோர் கறுப்பு இருக்கைகளின்மேல் வெள்ளைத் தலையணைகளை இன்றும் காணலாம்.

வாய்மொழி ஒன்று, திரைப்படம் மற்றொன்று. மூன்றாவதாக நின்றது தொழிற்சாலையின் ஏடு. 3586 என்னும் வண்டி செம்மஞ்சள் நிறமும் வெள்ளைத் தோலும் உடையதாய், 1968 யூலை 2ஆம் நாள் ரெச்சியோ எமிலியா நகரத்து விற்பனையாளரிடம் சென்றது என்னும் செய்தி கிடைத்தது. முதலில் வாங்கியவர் உரோம் நகரத்தவர். பின்னர் அவ்வண்டி சேகரிப்போர் பலரிடையே கைமாறி, 2018இல் லீக்டன்ஸ்டைன் நாட்டுச் சேகரிப்பொன்றைச் சேர்ந்தது. நிறம், தோல், காலம், கண்டவர் கூற்று, பொறித்த எண் ஆகியன ஒன்றோடொன்று பொருந்தியமையால் ஐயம் நீங்கிற்று. ஒருவர் குறையாகக் கருதத்தக்க அந்தப் பொருந்தா வெள்ளைத் தலையணைகளே வலிய சான்றாக அமைந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மூலம் என்பது யாது?

இனி, அடிப்படையான வினா ஒன்று எழுகின்றது. ஒரு வண்டியின் சில்லுகளை மாற்றுகின்றோம், இயந்திரத்தை மாற்றுகின்றோம், துருப்பிடித்த தகட்டையும் மாற்றுகின்றோம். எந்த அளவு வரை அஃது அதே வண்டியாகும்? இவ்வினா மோட்டார் வண்டிக்கு மிக முந்தியது. மிலிந்தன் என்னும் கிரேக்க அரசனை நோக்கிப் பௌத்த துறவி நாகசேனர், அச்சோ தேர், சில்லோ தேர், நுகமோ தேர் என வினவி, உறுப்புக்களில் எதுவும் தேர் ஆகாமையைக் காட்டினார் என மிலிந்தன் வினாக்கள் என்னும் பாளி நூல் கூறும். நியாய நூலாரோ உறுப்புக்களின் வேறாக உறுப்பியாகிய முழுப்பொருள் உண்டு என்பர்.

இவ்வழக்கு 1990இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் எழுந்தது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ற்லி வண்டி ‘பழைய முதலாம் இலக்கம்’ எனப் பெயர் பெற்றது. அது பின்னர்ப் பெரிய இயந்திரத்தைப் பெற்றது. 1932இல் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகியது. வேறு உடலும் பெற்றது. இதனை ஏறத்தாழ ஒரு கோடி பவுணுக்கு வாங்க உடன்பட்டோர், இது மெய்யான வண்டி அன்று எனக் கூறிப் பின்வாங்கினர். விற்றவர் வழக்குத் தொடுத்தார். நீதிபதி ஒற்றன் மூன்று சொற்களை வேறுபடுத்திக் காட்டினார். தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே உறுப்புக்கள் இன்மையால் அது மூலநிலையில் உள்ளதன்று. பந்தயத்தில் ஓடிய அதே பொருள்களால் ஆயதன்மையால், கலப்பற்றது என்னும் சொல்லும் அதற்குப் பொருந்தாது. ஆயினும், ஓரிடத்தும் அறுபடாத தொடர்ச்சியோடு, படிப்படியான மாற்றங்களின் வழியே அதே வண்டியாக நிலைத்து வந்தமையாலும், அப்பெயர்க்கு உரிமைகோர வேறொரு வண்டி இல்லாமையாலும் அது மெய்யானதே என்பது அவர் தீர்ப்பாயிற்று.

இத்தீர்ப்பின் கருத்து நமக்கு அயலானதன்று. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலைப் போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்தனர். இன்றுள்ள கோவிலின் தொடக்கம் ஒல்லாந்தர் ஆட்சியின்போது 1734ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் பின்னரும் திருப்பணிகள் பல நிகழ்ந்தன. கல்லும் மரமும் புதியன. இடமும் முன்னைய இடமன்று. எனினும், அது வேறு கோவில் என அடியார் எவரும் கூறார். வழிபாட்டின் தொடர்ச்சியே அதன் மெய்ம்மை. எனவே, மூலநிலை வேறு, மெய்ம்மை வேறு என்பதை உள்ளத்தில் இருத்தி மேலே செல்வோம்.

இலங்கையிலும் யாழ்ப்பாணத்திலும்

நம் நாட்டிற் கைமாற்று வரலாற்றினாலேயே மதிப்புப் பெற்ற வண்டியொன்று கொழும்பு காலிமுக ஹொட்டேலில் வைக்கப்பட்டது. அது 1935ஆம் ஆண்டின் ‘ஸ்ராண்டர்ட் நைன்’ என்னும் எளிய ஆங்கில வண்டியாகும். பின்னாளில் எலிசபெத் அரசியாரின் கணவரான பிலிப் இளவரசர், கடற்படையின் இளைஞராக இலங்கையில் இருந்தபோது 12 பவுணுக்கு வாங்கிய வண்டி அது. பொருளளவில் அதற்குச் சிறப்பில்லை. அது யார் கையில் இருந்தது என்பதே அதன் சிறப்பு.

யாழ்ப்பாணத்து வண்டிகளை ஆராயப் புகுவோர்க்கு முதலில் உதவுவது இலக்கத் தகடு. முற்காலத்தில் சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களில் இரண்டைச் சேர்த்து, சி.எல்., சி.என்., ஈ.எல்., ஈ.என். என்றவாறு பதிவுசெய்தனர். 1957இல் சிங்களச் ‘சிறீ’ எழுத்துப் புகுத்தப்பட்டது. அதனை எதிர்த்து 1957, 1958 ஆகிய ஆண்டுகளில் தமிழ்ப் பகுதிகளில் இயக்கம் நிகழ்ந்தது. தமிழ்ச் ‘சிறீ’ எழுதி ஓட்டியவரும் உளர். ஆகவே, பழைய தகடு வண்டியின் வயதை மட்டுமன்றி நாட்டின் வரலாற்றையும் சுமந்து நிற்கின்றது. அதனைப் பழைய இரும்பெனக் கழற்றி எறிதல் தகாது.

அடுத்து உறுப்புக்களை நோக்குக. மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்டது. 1956 வரையிலான வண்டிகளின் முன்கண்ணாடி நடுவே பிரிவுடையது. பின்னையவற்றின் கண்ணாடி ஒரே தகடாலானது. இயந்திரமோ தொடக்கத்தில் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையதாய் இருந்து, பின்னர் 803, 1956இல் 948, 1962இல் 1098 என மாறிற்று. பிரிந்த கண்ணாடி உடைய வண்டியில் 1098 இயந்திரம் இருக்குமாயின், அது பின்னர் இடப்பட்டது என்பது தெளிவு. அது பொய்யன்று, மாற்றமே. அதனைச் சொல்லாது விற்பதே பொய். இங்கிலாந்தில் கெய்டன் என்னும் ஊரிலுள்ள பிரித்தானிய மோட்டார் அரும்பொருட்சாலை பழைய உற்பத்தி ஏடுகள் பலவற்றைக் காத்துவருகின்றது. அடிச்சட்ட எண்ணை அனுப்பிக் கட்டணம் செலுத்துவோர்க்கு, ஏடு எஞ்சியிருப்பின், வண்டி பிறந்த நாள், நிறம், இயந்திர எண் முதலியவற்றைச் சான்றிதழாக வழங்குகின்றது. உள்ளூரில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவோடு அதனை ஒப்புநோக்கலாம்.

இவை யாவும் பிறநாட்டு வண்டிகளுக்கும் பொதுவானவை. யாழ்ப்பாணத்து வண்டிக்குத் தனியே உரிய அத்தியாயம் ஒன்று உண்டு. 1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் குடாநாட்டிற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்போது ஒஸ்ரினும் மொறிசும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. ஆதலின் இயந்திரத்தை இயக்கச் சில துளி பெற்றோலை ஊட்டி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அப்பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு. அதனாலேயே அவை தாழ்ந்த எரிபொருளைத் தாங்கின. அமுக்கம் மிகுந்த பிற்கால இயந்திரங்கள் அவ்வாறு தாங்கா. புகை மிகுந்தது, எரியாத மண்ணெண்ணெய் உட்புகுந்து மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது, இயந்திரம் விரைவில் தேய்ந்தது. எனினும் நோயாளரும் பிள்ளைத்தாய்ச்சியரும் வைத்தியசாலைக்குச் செல்ல அவ்வண்டிகளே உதவின. உதிரி உறுப்புக் கிடையாத அக்காலத்தில், ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றிற்கு இட்டும், இல்லாததைக் கடைந்து செய்தும் அவற்றை ஓடச்செய்தோர் நம் ஊர்த் திருத்துநர்கள்.

இன்று ஒருவர் இத்தகைய வண்டியொன்றை வாங்கிப் புதுக்க எண்ணுவாராயின், அவர் யாது செய்தல் வேண்டும்? தொழிற்சாலையில் இருந்து வந்த நாளில் இருந்தவாறே ஆக்க வேண்டும் என்பது பலர் கருத்து. அக்கருத்தும் நியாயமற்றதன்று. செய்தோன் கருதிய வடிவைக் காட்டுதல் அவனுக்குச் செய்யும் மதிப்பாகும். ஆனால், அவ்வாறு புதுக்கும்போது 1990 முதலான ஆண்டுகளின் அடையாளம் முழுவதும் துடைக்கப்படுகின்றது. மண்ணெண்ணெய்க்கென இட்ட சிறு குழாயையும் திருகியையும் கழற்றி, இங்கிலாந்திலிருந்து வரவழைத்த புதிய உறுப்பை இட்டால், வண்டி 1956ஆம் ஆண்டினதாகத் தோன்றும், யாழ்ப்பாணத்ததாகத் தோன்றாது. இங்கிலாந்தில் அத்தகைய வண்டிகள் ஆயிரக்கணக்கில் உள. தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தார் உயிர்காத்த வண்டிகளோ இங்கேயன்றி வேறெங்கும் இல்லை. வெள்ளைத் தலையணைகளை எவரேனும் கறுப்பாக்கியிருந்தால் மியூறாவின் வரலாறு ஒரு சான்றை இழந்திருக்கும் என்பதை ஈண்டு எண்ணிப் பார்க்க.

காக்கும் முறை

ஆகவே பின்வருவன கடைப்பிடிக்கத்தக்கவை. வண்டியிற் கைவைக்குமுன் எல்லாப் பக்கங்களையும், சிறப்பாகப் பொறித்த எண்களையும், நிழற்படம் எடுத்தல் வேண்டும். ஓடுதற்கு இடையூறு செய்யாத பழைய மாற்றங்களை அவ்வாறே விடல் வேண்டும். கழற்ற நேர்ந்த உறுப்புக்களை எறியாது, எங்கிருந்து எப்போது கழற்றியது என எழுதிக் கட்டி, வண்டியோடு சேர்த்து வைத்தல் வேண்டும். விற்கும்போது அவ்வுறுப்புக்களும் பதிவுப் புத்தகமும் பற்றுச்சீட்டுகளும் வண்டியோடு செல்லுதல் வேண்டும்.

இவற்றினும் விரைந்து செய்ய வேண்டுவது ஒன்றுண்டு. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போதும் அதன் முன்னும் பின்னும் வீடுகளோடு ஏடுகள் பல அழிந்தன. எழுத்துச் சான்று அற்ற இடத்தில் எஞ்சியிருப்பது வாய்மொழியே. அவ்வண்டிகளை ஓட்டியவரும் திருத்தியவரும் முதுமையடைந்துவிட்டனர், மறைந்தோரும் பலர். மொறுற்சியின் வாய்மொழியை உரிய காலத்தில் இத்தாலியர் கேட்டறிந்தனர். நம் ஊரிலுள்ள முதியவரை அணுகி, இன்ன வண்டி இன்னாரிடம் இருந்தது, இன்ன ஆண்டில் இன்ன உறுப்பு மாற்றப்பட்டது எனக் கேட்டு, நாளும் பெயரும் இட்டு எழுதிவைத்தல் உயர்வகுப்பு மாணவர்க்கு இயலாத பணியன்று. கேட்டதைக் கேட்டவாறே எழுதுக. இருவர் கூற்று முரண்படின் இரண்டையும் எழுதுக. முரணைத் தம் எண்ணத்தால் திருத்துவது பாடபேதத்தை மறைப்பதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பழைய வண்டியின் மதிப்பு அதன் உறுப்புக்களின் பழமையில் மட்டும் அடங்கவில்லை என்பதும், அறுபடாத கைமாற்று வரலாறும் அதனைத் தாங்கும் சான்றுகளுமே மெய்ம்மையை நிலைநாட்டுவன என்பதும், நேர்மையாகக் கூறப்பட்ட மாற்றம் மெய்ம்மைக்குப் பகையன்று என்பதும் பெறப்படும். இத்தாலியின் விலைமிக்க வண்டிக்கு ஏடு காக்கத் தனிப் பிரிவு உண்டு. நம் ஊரின் ஒஸ்ரினுக்கு அத்தகைய காவல் இல்லை. அதனை வைத்திருப்போரின் பெட்டியிற் கிடக்கும் புத்தகமும், அதனைத் திருத்தியோரின் நினைவுமே அதற்கு ஏடு. அவ்வேட்டைப் படியெடுக்கும் கடமை இத்தலைமுறையினரைச் சார்ந்தது.